பட்டத்துக்கு விலாசம் கேட்ட ரீச்சர்

“உலகமே ஏற்றுக்கொள்ளும், பிள்ளை” என்றார் டைரக்டர் சேர்.

“உலகம் இருக்கட்டும் சேர். எங்கடை கல்விக் கந்தோர் ஏற்றுக்கொள்ளுமோ?” என்று கேட்டார் முன்னால் இருந்த பெண்.

மூலையில் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்த என் விரல்கள் பொறியின் மேலேயே நின்றுவிட்டன. அந்தக் கதிரையில் அதுவரை நாற்பது பேராவது வந்திருந்து விண்ணப்பம் நிரப்பியிருப்பார்கள். எத்தனை பாடம், சோதனை கடினமா, பட்டமளிப்பு விழாவுக்கு லண்டன் போக விசா கிடைக்குமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

யன்னலுக்கு வெளியே யாரோ, பெற்றோல் தடையால் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார். புகை உள்ளே வந்தது. அந்தப் பெண் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தார்.

சேர் சிரித்தார். அவருக்கு நல்ல சிரிப்பு. “லண்டன் பட்டத்தை வேண்டாமெண்டு கந்தோர் சொல்லுமோ? நீர் என்ன கதைக்கிறீர்?”

“அப்ப, ஏற்றுக்கொள்ளும் எண்டு சொல்லுறியள்.”

“ஓம்.”

“நல்லது சேர். அதை எழுத்திலை தருவியளோ?”

சேரின் சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. “லண்டனுக்கு எழுதி எடுத்துத் தாறன்” என்றார். அந்தப் பெண் விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்து வைக்கவில்லை. மேசையில் இருந்த விளக்கப் புத்தகத்தில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி, பைக்குள் வைத்துக்கொண்டு, “வாறன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

யோகமலர் ரீச்சரை நான் முதன்முதலாகக் கண்டது அப்படித்தான். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். வீடு அரியாலையில். தகப்பன் கொழும்புத்துறைக் கரையில் மீன்பிடிப்பவர். கடற்படை கடலுக்குப் போக விடாத நாட்களில் வலை பின்னுவார். ரீச்சர் அந்தக் கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் தொண்டர் ஆசிரியையாக ஆறு வருடம் கணிதம் படிப்பித்தவர். கல்விக் கந்தோர், அதாவது அரசாங்கக் கல்வி அலுவலகம், நிரந்தர நியமனம் தரவேண்டுமானால் பட்டம் வேண்டும். பட்டத்துக்கு அவர் ஆசைப்பட்டதில் என்ன பிழை?

பெயரில் ஒரு ‘றோயல்’

போன கிழமை இந்தப் பத்தியில் நான் தட்டச்சுப் பழகிய கதையைச் சொன்னேன். அந்தத் தட்டச்சு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் இதுதான். நகரத்தில் ஒரு ஒழுங்கைக்குள் ஒரு மாடி வீடு. வாசலில் நீலப் பலகை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டங்களை இங்கிருந்தே தபால் மூலம் படித்துப் பெறலாம் என்று அதில் எழுதியிருந்தது.

நிலையத்தின் பெயரையும் டைரக்டரின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இன்று எங்கோ மரியாதையாக வாழ்கிறார்கள். தகப்பன் செய்ததற்கு அவர்கள் பொறுப்பில்லை. லண்டன் பல்கலைக்கழகம் என்று அவர் காட்டிய ஒன்றுக்கு மூன்று சொல்லில் பெயர். அதில் ஒரு சொல் ‘றோயல்’. அந்த ஒரு சொல்லே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

நான் கொடிகாமத்துப் பெண். எங்கள் வீட்டில் தகப்பனை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா கொடிகாமம் சந்தையில் காய்கறி வியாபாரம். எனக்குப் பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் போதாமல் போயின. அரியாலையில் அக்காவின் வீட்டில் நின்றுகொண்டு இந்த வேலைக்குச் சைக்கிளில் போய்வந்தேன்.

வேலை என்னவென்றால், சேர் தரும் பழைய புத்தகங்களிலிருந்து பாடக் குறிப்புகளை அடிப்பது. கார்பன் தாள் வெளிறி ஓட்டை விழும்வரை பாவித்தோம். புது ரிபன் கிடையாது. முத்திரை மையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பழைய ரிபனில் தடவுவேன். என் விரல் நுனிகள் கழுவினாலும் போகாத ஊதா நிறத்தில் இருக்கும்.

“உமக்குப் பட்டம் இலவசம், சுகந்தி. வேலை செய்துகொண்டே படியும்” என்று சேர் சொல்லியிருந்தார். அதை ஐயாவுக்குச் சொன்னேன். ஐயா சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார். கத்தரிக்காயை நிறுக்கும்போதும் சொல்வார், மிச்சக் காசு கொடுக்கும்போதும் சொல்வார். “என்ரை பெட்டை லண்டன் டிகிரி படிக்கிறாள்.”

சித்தப்பா வீட்டு றேடியோ

தபாலில் படிப்பதைப் பழித்து எழுதுகிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அதற்கு முன்பு, எண்பதுகளின் தொடக்கத்தில், என் சித்தப்பா அஞ்சல் வழியாக றேடியோ திருத்தப் படித்தார். மாதம் ஒரு பொதி வரும். அதற்குள் பாடமும் இருக்கும், பொடிப் பொடியான சாமான்களும் இருக்கும். சித்தப்பா ஈயத்தை உருக்கி ஒட்டும் மணம் எங்கள் வீடுவரை வரும்.

கடைசிப் பொதி வந்த அன்று பின்னேரம் அவர் ஒட்டிய அந்தப் பெட்டி முதலில் இரைந்தது, பிறகு செய்தி வாசித்தது. சின்னம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். சித்தப்பாவுக்கு வந்த சான்றிதழ் எங்கே போயிற்றோ தெரியாது. அதை ஒருவரும் கேட்டதில்லை. றேடியோ பேசியது, அவ்வளவுதான்.

ஆனால் றேடியோவைப் போலப் பட்டம் தானாகப் பேசாது. அதற்காக இன்னொருவர் பேசவேண்டும். அந்த இன்னொருவர் யார் என்றுதான் யோகமலர் ரீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கப்பல் வரவில்லை

இது நடந்தபோது போரால் மின்சாரம் போய் இரண்டு வருடமோ மூன்று வருடமோ. தொலைபேசி கிடையாது. பிற நாட்டுக் கடிதங்கள் கப்பலில் வரும். கப்பல் எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது. கொழும்புக்குப் போவதென்றால் பாஸ் என்ற பயண அனுமதி எடுத்து, கிளாலியில் படகேறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நீரேரியைக் கடக்கவேண்டும்.

வேறு எங்கேயாவது என்றால் அந்த நிலையம் ஆறு மாதம் தாக்குப்பிடித்திருக்காது. எங்களிடம் மட்டும் சேருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது. மாணவர் அட்டை எங்கே? கப்பல் வரவில்லை. பாடப் புத்தகம்? கப்பல் வரவில்லை. போன வருடம் சித்தியடைந்தவர் யார்? பட்டியல் கப்பலில் வருகிறது. எங்களை வருத்திய தூரம் அவருக்கு நிழலாக இருந்தது.

நீலக் கோடுகள்

ஒரு மாதம் கழித்து யோகமலர் ரீச்சர் திரும்பவும் வந்து, எழுத்திலான பதில் வந்ததா என்று கேட்டார். “அடுத்த கிழமை” என்றார் சேர்.

அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டார். “லண்டனிலையிருந்து செய்தி வந்திருக்கு. கடிதமா அடியும். கீழை ‘பதிவாளர்’ எண்டு போடும். கையெழுத்தை நான் பாத்துக்கொள்ளுறன்.” அவர் நீட்டிய குறிப்பு அவருடைய கையெழுத்தில்தான் இருந்தது.

நல்ல வெள்ளைத் தாள் அப்போது கிடையாது. பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான காலம். சேர் எங்கோ ஒரு அச்சகத்தில் சிங்கப் படம் போட்ட கடிதத் தலைப்பை அடிப்பித்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு பக்கம் மட்டும் கோடு அடித்த தாள். கோடில்லாத பக்கத்தில் சிங்கம்.

எனக்குத் தெரிந்திருந்தது என்று இன்று எழுதுகிறேன். அன்று கேட்டிருந்தால் தெரியாது என்று சத்தியம் செய்திருப்பேன். என் பட்டமும் அதே சிங்கத்திடமிருந்துதான் வரவேண்டும். ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

ரீச்சர் வந்து கடிதத்தை வாங்கினார். ஒருமுறை வாசித்தார். பிறகு யன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். தாளுக்குப் பின்னாலிருந்து நீலக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன.

“லண்டனிலையும் பேப்பருக்குத் தடையோ சேர்?”

“உது பிரதி, பிள்ளை. மூலம் என்னட்டைப் பத்திரமா இருக்கு.”

“ஓம் ஓம்” என்று மடித்துப் பைக்குள் வைத்தார். வெளியே போகும்போது என் மேசைக்கருகில் நின்றார். “நல்ல வடிவா அடிச்சிருக்கினம். ஒரு பிழையில்லை.”

நான் தட்டச்சுப் பொறியையே பார்த்துக்கொண்டு, “லண்டன்காரர்தானே” என்றேன்.

அவர் என் ஊதா விரல்களைப் பார்த்தார். பிறகு படியிறங்கினார்.

மூன்று கடிதங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுப் படலையில் சைக்கிள் மணி கேட்டது. யோகமலர் ரீச்சர். அதே அரியாலைதான், ஆனால் என்னை எப்படித் தேடிக் கண்டுபிடித்தாரோ தெரியாது. கையில் ஒரு சுருள் கச்சான் கடலை. எனக்கும் நீட்டினார்.

“உங்களிட்டை ஒரு உதவி கேட்டு வந்தனான். மூண்டு இங்கிலிஸ் கடிதம் எழுதியிருக்கிறன். ரைப் அடிச்சுத் தருவியளோ?”

“நகரத்திலை எத்தினை ரைப்பிங் கடை இருக்கு ரீச்சர்...”

“இருக்கு. ஆனால் அந்த லண்டன் கடிதத்தை அடிச்ச ஆள்தான் எனக்கு வேணும். பிழையில்லாமல் அடிக்கிறவ.”

நான் அழத் தொடங்கிவிட்டேன். அவர் கச்சான் கோதை ஊதித் தள்ளியபடி நான் அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிலையத்தின் விளக்கப் புத்தகத்தை எடுத்து விரித்தார்.

“இதைப் பாருங்கோ. இது பல்கலைக்கழகத்தின்ரை விலாசம். பின்பக்கத்திலை இருக்கிறது, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் குடுத்த பேரவையின்ரை விலாசம். ரெண்டிலையும் தபால்பெட்டி இலக்கத்தைப் பாருங்கோ.”

இரண்டும் ஒரே இலக்கம். அந்தப் புத்தகத்தை அடித்தவளே நான்தான். எத்தனையோ முறை சரிபார்த்திருக்கிறேன். எழுத்துப் பிழையைத் தேடியிருக்கிறேனே தவிர, இதை ஒருநாளும் பார்க்கவில்லை.

“ஒரு பெட்டிக்குள்ளை இருந்துகொண்டு தனக்குத் தானே நல்லவன் எண்டு சேட்டிபிக்கற் குடுக்கிறார் ஒருத்தர்” என்றார் ரீச்சர். “அங்கீகாரம் எண்டால் அதைக் குடுக்கிறது வேற ஆளா இருக்கவேணும். அந்த ஆளை நாங்கள் வேற வழியாலை விசாரிக்கக்கூடியதா இருக்கவேணும். இவை குடுத்த விலாசத்துக்கே எழுதிக் கேட்டால் இவைதானே பதில் போடுவினம்?”

முதல் கடிதம் கொழும்புக்கு, பல்கலைக்கழகங்களை மேற்பார்க்கும் அலுவலகத்துக்கு. இந்தப் பட்டம் உங்கள் பட்டியலில் இருக்கிறதா, இதை வைத்து ஆசிரிய நியமனம் கிடைக்குமா? இரண்டாவது அந்த றோயல்காரருக்கே. உங்களுக்குப் பட்டம் வழங்கும் அதிகாரத்தைத் தந்தது யார், எந்தச் சட்டத்தின் கீழ், சோதனைத் தாளைத் திருத்துபவர் யார்?

மூன்றாவது கடிதத்தைப் பார்த்து நான் வியந்துபோனேன். உறையில் ஒரு பெயரும் இல்லை. ‘நூலகர், பொது நூலகம்’ என்று எழுதி, கீழே லண்டனில் அந்த விலாசம் இருக்கும் பகுதியின் பெயர் மட்டும்.

“ஆரெண்டே தெரியாத ஆள் பதில் போடுவினமோ?”

“லைப்ரரியிலை இருக்கிறவைக்குத் தெரியாத ஆக்கள் கேள்வி கேக்கிறது பழக்கம்தானே.”

எங்கள் நகரத்து நூலகம் எரியும்வரை சனிக்கிழமை தவறாமல் அங்கே போயிருந்தவர் அவர். அதை அவர் சொல்லவில்லை. பின்னாளில் அவருடைய தகப்பன் சொல்லித்தான் தெரியும்.

மூன்று கடிதங்களையும் நிலையத்திலேயே அடித்தேன். சேர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன நேரம், அதே பொறியில், அதே ஊதா மையில். ஒவ்வொரு வரியும் முடியும்போது பொறி அடிக்கும் சின்ன மணிக்கு வாசலை எட்டிப் பார்த்தேன்.

“வேலையை விட்டிடட்டோ அக்கா?” என்று கேட்டேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்காவாகிவிட்டிருந்தார்.

“வேண்டாம். இப்ப எங்களிட்டை இருக்கிறது சந்தேகம் மட்டும்தான். சிலவேளை அந்த மனுசனும் ஏமாந்திருக்கலாம். பதில் வரட்டும்.”

பங்கருக்குள்

பதில் வர ஐந்து மாதம் சென்றது. அந்த ஐந்து மாதமும் யோகமலர் அக்கா வகுப்புக்கு வந்தார். கையெழுத்து வைக்காமலே. “கந்தோரிலையும் கேட்டிருக்கிறன், பதில் வந்தவுடனை வைக்கிறன்” என்று சேரிடம் சொல்லியிருந்தார். கணக்குப் பாடத்தில் மற்றவர்களுக்கு விளங்காததை அவரே சொல்லிக்கொடுத்தார். ஆனாலும் அவர்கள் அவருக்கு ‘கேள்வி ரீச்சர்’ என்று பட்டம் வைத்தார்கள். அவரோடு சேர்ந்திருக்கவும் சிலர் விரும்பவில்லை. நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவில் கேள்வி கேட்பவர் ஒருவர் இருந்தால் எல்லோருக்கும் அந்தரமாக இருக்கும்.

ஒருநாள் காலை வகுப்பு நடக்கும்போது பொம்பர் விமானச் சத்தம் கேட்டது. எல்லோரும் வளவுக்குள் ஓடினோம். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர். பத்துப் பேருக்கு வெட்டியதில் இருபது பேர் நெருக்கிக்கொண்டு இருந்தோம். ஈரமண் மணம். தலையில் மண் சிந்திக்கொண்டிருந்தது.

கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்யும் ரவீந்திரன் என்பவர் எங்களில் மூத்த மாணவர். பயமோ கோபமோ, அவர் அந்த இருட்டுக்குள் இருந்து சொன்னார்: “நாளைக்கு இருப்பமோ எண்டு தெரியாது. உங்களுக்கு அங்கீகாரம் கேக்குது ரீச்சர்.”

யாரோ சிரித்தார்கள்.

யோகமலர் அக்காவின் குரல் வந்தது. “செத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. இருந்தால்தானே பிரச்சினை. இருந்தால், அந்தப் பேப்பரைக் கொண்டு நாங்கள் எங்கை போறது?”

 மேலே பொம்பர் இன்னொருமுறை சுற்றியது. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரும் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். ஆனால் அந்தக் குழிக்குள் இருந்த எல்லோரிலும், நாங்கள் உயிரோடு இருக்கப்போகிறோம் என்று வைத்துக்கொண்டு யோசித்த ஒரே ஆள் அவர்தான்.

பதில்கள்

முதலில் கொழும்புக் கடிதம் வந்தது. நான்கு வரி. அப்படியொரு நிறுவனம் தங்கள் பட்டியலில் இல்லை, அதன் பட்டத்தை நியமனத்துக்கு ஏற்க இயலாது. றோயல்காரருக்குப் போட்ட கடிதம் பிரிக்கப்படாமலே, பெறுவார் இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது.

நூலகத்திலிருந்து வந்தது தடித்த உறை. எழுதியவர் ஒரு பெண். எங்கள் கடிதம் சுற்றிச் சுற்றித் தன் மேசைக்கு வந்ததாகவும், மதிய இடைவேளையில் தானே அந்த விலாசத்துக்கு நடந்துபோய்ப் பார்த்ததாகவும் எழுதியிருந்தார். கீழே துணி வெளுக்கும் கடை. மேலே ஒரு அறை, சுவர் முழுக்க வாடகைக்கு விடும் சின்னச் சின்னத் தபால்பெட்டிகள். பல்கலைக்கழகமும் இல்லை, பேரவையும் இல்லை. பட்டம் வழங்கும் உரிமை பெற்ற நிறுவனங்களின் கைநூலிலிருந்து, அந்தப் பெயர் இருந்திருக்கவேண்டிய பக்கத்தையும் படியெடுத்து அனுப்பியிருந்தார். அகரவரிசையில் அந்த இடத்தில் அப்படியொரு பெயர் இல்லை.

அதை என் அக்கா வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தபடி இரண்டு பேரும் வாசித்தோம். முகம் தெரியாத ஒருத்தி எங்களுக்காக நடந்திருக்கிறாள் என்று யோகமலர் அக்கா மெதுவாகச் சொன்னார். அவர் கண் கலங்கி நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

மூன்றையும் எடுத்துக்கொண்டு முதலில் அவர் போனது டைரக்டர் சேரிடம். நான் கூடவே நின்றேன். சேர் வாசித்தார். நெற்றியைத் துடைத்தார். பிறகு, “உமக்கு என்ன வேணும்? கணிதத்துக்கு விரிவுரையாளர் இல்லை. உம்மைப் போடுறன்” என்றார்.

“எனக்கு ஒண்டும் வேண்டாம் சேர். வாற சனிக்கிழமை வகுப்பிலை நீங்களே சொல்லுங்கோ. நீங்களும் ஏமாந்திருந்தால் அதையும் சொல்லுங்கோ. சனம் விளங்கிக்கொள்ளும்.”

சேர் தலையாட்டினார். வெள்ளிக்கிழமை அவர் கிளாலியால் போய்விட்டார். பாஸ் எப்படி எடுத்தார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

சனிக்கிழமை

நிலையத்தின் திறப்பு என்னிடம் இருந்தது. பூட்டைக் கழற்றிக் கதவைத் திறந்துவிட்டேன். வழமைபோல எல்லோரும் வந்து விறாந்தையில் நீட்டு மர வாங்குகளில் இருந்தார்கள். சேர் நிற்கும் இடத்தில் நான் போய் நின்றேன். 

பட்டம் கள்ளம், சேர் போய்விட்டார் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். பின்வரிசையில் ஒரு ஆஸ்பத்திரித் தாதி முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். போன காசு போகட்டும், கடமை முடித்துவிட்டு வந்து கண் எரிய எரியப் படித்த இரண்டு வருடம்.

ரவீந்திரன் எழுந்தார். “லண்டன் கடிதங்களை ஆர் அடிச்சது?”

“நான்தான் அடிச்சனான்.”

“தெரிஞ்சோ?”

“தெரிஞ்சுதான்.”

அவர் தன்னுடைய குறிப்புகளை இரண்டாகக் கிழித்து என் காலடியில் போட்டார். யோகமலர் அக்கா என்னைக் காப்பாற்ற வரவில்லை. வாங்கில் அசையாமல் இருந்தார். அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். அன்று அவர் எனக்காகப் பேசியிருந்தால், நான் என் பிழையை என் வாயால் சொன்னதாக ஆகியிருக்காது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்தார். நூலகப் பெண்ணின் கடிதத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். ‘நான் அப்பவே சொன்னனான்’ என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. பிறகு இன்னொரு உறையை எடுத்தார். எங்கள் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் வெளிவாரிப் பட்டப் படிப்புக்கான பதிவு விபரம். வளாகத்துக்குப் போகாமலே படித்துச் சோதனை எழுதலாம். ஐந்து மாதமும் அவர் சும்மா காத்திருக்கவில்லை.

“அதுவும் கள்ளமெண்டால்?” என்றார் ரவீந்திரன்.

“நல்ல கேள்வி தம்பி. றோயல்காரரிட்டைக் கேட்டதையெல்லாம் இவையிட்டையும் கேட்டனான். எல்லாத்துக்கும் பதில் போட்டிருக்கினம். கொழும்புக் கந்தோரிலையும் தனியா விசாரிச்சனான். இந்தாங்கோ, வாசியுங்கோ. வாசிச்சுப்போட்டு நீங்களும் எழுதிக் கேளுங்கோ. நான் சொல்லுறன் எண்டு நம்பவேண்டாம்.”

அந்த விறாந்தையில் அன்று முதன்முதலாக எல்லோரும் கேள்வி கேட்டார்கள். வெய்யில் ஏறும்வரை கேட்டார்கள். பாதிப் பேர் அந்தப் படிப்புக்குப் பதிந்தார்கள். விண்ணப்பங்களை நான்தான் அடித்தேன், ரவீந்திரனுடையது உட்பட. அவர் என்னோடு மறுபடி முகம்பார்த்துக் கதைக்க ஒரு வருடம் எடுத்தது.

ஐயா

ஐயாவுக்குச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். அடுத்த பஸ்ஸில் கொடிகாமம் போனேன். சந்தை கலைந்துகொண்டிருந்தது. ஐயா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்லத் துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“அப்ப லண்டன் இல்லையோ மோள்?”

“இல்லை ஐயா.”

தராசைச் சாக்குக்குள் வைத்துக் கட்டினார். அடுத்த சந்தை நாள் நான் வீட்டில்தான் நின்றேன். ஐயாவோடு சந்தைக்குப் போகக் கூச்சமாக இருந்தது. பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லித்தான் தெரியும். ஐயா அன்று கடை கடையாகப் போயிருக்கிறார். “என்ரை பெட்டை படிச்சது கள்ளப் பள்ளிக்கூடம். அங்கை உங்கடை பிள்ளையளை விட்டிடாதையுங்கோ. விடுறதெண்டால் முதலிலை எழுதிக் கேளுங்கோ” என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்.

எந்த வாயால் பெருமை பேசினாரோ அதே வாயால். நான் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்துக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

ஒரு காலை

வெளிவாரிப் பட்டம் இலேசாகக் கிடைக்கவில்லை. சோதனைகள் தள்ளிப்போயின. யோகமலர் அக்கா ஒரு பாடத்தை இரண்டாம் முறை எழுதினார். இடையில், போர் நெருங்கி ஊரே இடம்பெயர்ந்து மழைக்குள் நடந்த அந்த ஐப்பசியும் வந்துபோனது. ஒருவாறு பட்டம் கிடைத்தது. முதல் வகுப்போ இரண்டாம் வகுப்போ இல்லை, சாதாரணச் சித்திதான். கடைசியில் அவருக்கு நியமனமும் வந்தது. ஆனால் என் மனதில் நிற்பது அதற்கு முந்திய ஒரு காலை.

கல்விக் கந்தோருக்கு நானும் கூடப் போயிருந்தேன். மேசையில் இருந்தவர் வயதான மனிதர். சான்றிதழைக் கையில் எடுத்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். முத்திரையை விரலால் தடவினார்.

“இதை உறுதிப்படுத்தவேணும், பிள்ளை. பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டுப் பதில் வரவேணும். கொஞ்சக் காலம் செல்லும்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எத்தினை வருசம் ஐயா இதுக்குப் பாடுபட்டவ! நீங்கள் என்னெண்டால்...”

யோகமலர் அக்கா என் தோளில் கை வைத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். சோதனை முடிவு வந்த அன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு சந்தோசத்தை நான் காணவில்லை.

“எழுதிக் கேளுங்கோ ஐயா” என்றார். “வடிவா விசாரியுங்கோ. நாங்கள் இஞ்சைதான் இருப்பம்.”